அந்தப் பக்கம் போனா மைனஸ்!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்க. பையை இறக்கி வெச்சு, அம்மா கையால ஒரு வாய் சோறு உள்ளே போகலை... அதுக்குள்ள வாசல்ல ஒரு குரல். “இன்ஜினியரிங் படிக்கிற புள்ள வந்திருக்காமே!” எட்டிப் பார்த்தா பக்கத்து வீட்டுச் சித்தி. அவங்க முந்தானைக்குப் பின்னாடி, கணக்கு நோட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்த மாதிரி மூஞ்சியோட ஒரு பையனோ, பொண்ணோ. “இதுக்குக் கொஞ்சம் கணக்குச் சொல்லிக் குடேன்!”

ஃபோரியர், லாப்ளாஸ்னு பெரிய தலைகளோட எல்லாம் மல்லுக்கட்டிட்டு வந்த நமக்கு, எட்டாங்கிளாஸ், ஒன்பதாங்கிளாஸ் அல்ஜீப்ரா எல்லாம் ஜுஜுபி. ‘அட, இவ்ளோதானா?’னு பேனாவைப் பிடுங்கி, விறுவிறுன்னு நாலு வரி போட்டு, கடைசி வரிக்குக் கீழே ரெண்டு கோடு இழுத்து, “புரிஞ்சுதா?”னு கேட்போம். அதுவும் தலையை ஆட்டும். கடமை முடிஞ்சதுன்னு நாம செல்போனைத் தேடுவோம்.

மக்களே, அந்தத் தலையாட்டலை மட்டும் நம்பிடாதீங்க. கடைசி பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு நாம தினமும் ஆட்டுறோமே, அதே தலையாட்டல்தான் அது!

அதேபோல, ‘இது ரொம்ப ஈஸி’ங்கிற வார்த்தை. தைரியம் குடுக்கிறதா நினைச்சுத்தான் சொல்றோம். ஆனா கேக்குற பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும்? ‘ஈஸியானதே எனக்கு வரலைன்னா, நான் மக்குதான் போல.’ முடிஞ்சது. அதுக்கப்புறம் அது சந்தேகமே கேட்காது.

போன டிசம்பர் லீவுல எங்க வாசலுக்கு வந்தது, தெருமுனையில பூ கட்டி விக்கிற அத்தையோட மகள். ஒன்பதாம் வகுப்பு, அரசுப் பள்ளி. ‘பேரைப் போட்டா அவ்ளோதான்’னு மிரட்டியிருக்கிறதால, இந்தக் கட்டுரையில் அவ பேர் பாப்பா. காலாண்டுல கணக்கு 11 மார்க், அரையாண்டுல 14. எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ்ல ஏறி வந்தாச்சு. இனிமே பத்தாவது, பப்ளிக், 35 எடுத்தாத்தான் பாஸ்.

“கணக்கு ஏறலைன்னா கடையில வந்து உட்காரட்டும் தாயி. பத்தாவது எழுதி பெயிலாகி, அதுக்கப்புறம் உட்காருறதுக்கு இப்பவே வந்துரலாம்ல” - அத்தை கோபமா எல்லாம் சொல்லலை. நாளைக்கு மல்லி என்ன விலைக்கு வரும்னு பேசுற அதே குரல்ல சொன்னாங்க. பாப்பா தரையைப் பார்த்துக்கிட்டு நின்னா. மறுநாள் சாயங்காலத்துல இருந்து எங்க வீட்டு மொட்டை மாடியில் பாயை விரிச்சோம்.

312 எங்கேருந்து வந்துச்சு?

முதல் கணக்கு, எட்டாம் வகுப்புப் பாடம்தான். 3எக்ஸ் + 5 = 20. எக்ஸ் எவ்வளவு? விடை 5. பாப்பா எழுதினது 12.

இந்த இடத்துலதான் நம்ம கை பரபரக்கும். பேனாவைத் தொடக் கூடாதுன்னு கையைக் கட்டிக்கிட்டு, “இது எப்படி வந்துச்சுன்னு எனக்குச் சொல்லு”ன்னு மட்டும் கேட்டேன். ‘தப்பு’ங்கிற வார்த்தையை எடுக்கலை. கொஞ்ச நேரம் முழிச்சுட்டு, ஆரம்பிச்சா.

“அஞ்சு அந்தப் பக்கம் போனா மைனஸ்க்கா. மூணும் அந்தப் பக்கம் போகுது, அதுவும் மைனஸ். இருபதுல அஞ்சு போனா பதினஞ்சு, அதுல மூணு போனா பன்னெண்டு.”

கவனிச்சீங்களா? பொண்ணு குருட்டாம்போக்குல அடிக்கலை. கிளாஸ்ல சொன்ன சட்டத்தை அட்சரம் பிசகாம அமல்படுத்தியிருக்கா. சட்டம்தான் அரைகுறை! ‘அந்தப் பக்கம் போனா மாறும்’னு நாம எல்லாருமே மனப்பாடம் பண்ணினோம். பிளஸ் மைனஸாகும், பெருக்கல் வகுத்தலாகும்னு அதுக்கு ஒரு வாலும் உண்டு. பாப்பாவுக்குத் தலை மட்டும் வந்து சேர்ந்திருக்கு, வால் வழியில எங்கேயோ அறுந்துபோச்சு. ஈக்வல் குறின்னா ஏதோ செக்போஸ்ட், தாண்டினா வேஷம் மாத்திக்கணும்னுதான் அவ நினைச்சிட்டிருந்தா. ஏன் மாத்தணும்னு யாரும் சொல்லலை, அவளும் கேட்கலை.

சரி, விடை சரியான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? “டீச்சர் டிக் போடுவாங்கக்கா.” வேற வழி இருக்குன்னு சொல்லி, எக்ஸ் இருக்கிற இடத்துல அவ கண்டுபிடிச்ச 12-ஐ வெச்சுப் பார்க்கச் சொன்னேன். எழுதினா பாருங்க... 312 + 5 = 317.

சிரிக்காதீங்க. 3-க்குப் பக்கத்துல எக்ஸ். எக்ஸை எடுத்துட்டு அங்கே 12 வை. 312-தானே வரும்? அவ கேட்ட கேள்வியில நியாயம் இருக்கு. ‘3எக்ஸ்’னா மூணு தடவை எக்ஸ், நடுவுல ஒரு பெருக்கல் குறி ஒளிஞ்சிருக்குன்னு நமக்குப் பழகிப்போச்சு. பெருக்கல் குறியும் எக்ஸும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடையில இருக்கிறதால, குழப்பம் வேணாம்னு பெரியவங்க குறியைத் தூக்கிட்டாங்க. அந்தச் சேதி சின்னவங்களுக்குச் சரியாப் போய்ச் சேரலை. ‘உன் நோட்டுல அந்தக் குறியை ஒரு புள்ளியா வெச்சு எழுது, வேணாம்னு தோணுறப்ப விட்டுடு’ன்னு சொன்னேன். ஒரு வாரத்துல புள்ளி காணாமப் போச்சு. 312-ம் கூடவே போயிருச்சு!

அடுத்தது ஈக்வல் குறி. அதுக்கு ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. உங்க வீட்டு வாண்டுகள்கிட்டயும் கேட்டுப் பாருங்க. 8 + 4 = ▢ + 5. கட்டத்துக்குள்ள என்ன வரும்? 1999-ல் அமெரிக்காவில் ஒண்ணாவதுல இருந்து ஆறாவது வரைக்கும் உள்ள பிள்ளைகள்கிட்ட இதைக் கேட்டதை ஒரு ஆய்வுக் கட்டுரையா எழுதியிருக்காங்க. பெரும்பாலான பிள்ளைகள் சொன்னது 12, இல்லைன்னா 17. சரியான விடை 7. பாப்பாவும் யோசிக்காம 12-ன்னுதான் சொன்னா.

காரணம் சிம்பிள். ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து அந்தக் குறிக்கு அப்புறம் விடைதான் வரும்னு பார்த்துப் பழகிட்டோம். கால்குலேட்டர்லயும் அதே கதை. அந்தப் பட்டனை அமுக்கினா விடை வந்து குதிக்குது. ஆக, ஈக்வல்னா ‘இந்தா புடி விடை’னு அர்த்தம்! ‘இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம்’ங்கிற அர்த்தம் மனசுல ஏறாத வரைக்கும், ரெண்டு பக்கமும் எக்ஸ் வர்ற கணக்கு அந்தப் பிள்ளைக்குச் சீன மொழி மாதிரிதான் தெரியும்.

அந்தக் குறியை முதன்முதலா அச்சுல போட்டவர் வேல்ஸ் நாட்டுக்காரர், ராபர்ட் ரெக்கார்ட். டாக்டரும்கூட. ‘இதுக்கு அது சமம்’னு திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போய், 1557-ல் வெளியான தன்னோட புத்தகத்துல ரெண்டு இணைகோடுகளைப் போட்டார். இணைகோடுகளைவிடச் சமமான ரெண்டு பொருள் உலகத்துல இல்லைங்கிறது அவர் சொன்ன காரணம். மனுஷன் அடுத்த வருஷமே ஜெயில்ல இறந்துபோனார், அது தனிக் கதை. பாப்பாவுக்கு இந்த ரெண்டு கோடு மேட்டர் ரொம்பப் பிடிச்சிருச்சு. “அப்ப ரெண்டு கோடும் சமமா இருக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் இருக்கணுமாக்கா?” அதேதான்!

முழம் என்ன விலை?

இந்த இடத்துல எல்லாரும் தராசைக் கொண்டு வருவாங்க. ரெண்டு தட்டு, சமமா நிக்குது, இந்தத் தட்டுல இருந்து எடுத்தா அந்தத் தட்டுல இருந்தும் எடுக்கணும். அருமையான விஷயம்தான். ஆனா ஒரு சிக்கல். பாப்பா ரெண்டு தட்டுத் தராசைப் படத்துலதான் பார்த்திருக்கா. எங்க தெரு மளிகைக் கடை, காய்கறிக் கடை எல்லாத்துலயும் டிஜிட்டல் தராசு வந்தாச்சு. ஒரே தட்டு, நம்பர் ஓடும். நீதிதேவதை கையில இருக்குமே, அதுன்னு விளக்க வேண்டியதாப் போச்சு. தெரியாத ஒண்ணை வெச்சுத் தெரியாத இன்னொண்ணை விளக்குற வேலை. தராசை ஓரமா வெச்சுட்டேன்.

அப்பதான் கீழே இருந்து அத்தையோட குரல். ஏதோ கஸ்டமர்கிட்ட பேரம். அதைக் கேட்டுக்கிட்டே பாப்பாகிட்ட சும்மா கேட்டேன். “ஒருத்தங்க மூணு முழம் மல்லியும், பத்து ரூபாய்க்கு ரோஜாவும் வாங்கிட்டு நூறு ரூபா குடுத்தாங்க. கணக்கு சரியாப்போச்சு, சில்லறை இல்லை. முழம் என்ன விலை?”

“முப்பது.” நான் கேள்வியை முடிக்கவே இல்லை!

“எப்படிச் சொன்ன?”

“ரோஜாக்குப் பத்தை எடுத்துட்டா தொண்ணூறு. மூணு முழத்துக்குன்னா முழம் முப்பது.”

அவ சொல்லச் சொல்ல நோட்டுல எழுதினேன். 3எக்ஸ் + 10 = 100. அடுத்த வரி, 3எக்ஸ் = 90. அடுத்த வரி, எக்ஸ் = 30. நோட்டைத் திருப்பி அவ பக்கம் வெச்சேன். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. “இதுதான் அதாக்கா?” அந்தக் குரல்ல சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம். எட்டாவதுல இருந்து ஒரு வருஷத்துக்கு மேல இதையா வெச்சுக்கிட்டு நம்மளை அலைய விட்டாங்கங்கிற எரிச்சல். நியாயமான எரிச்சல்!

கடைத்தெருவுல கணக்குப் போடுற பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல தடுமாறுறது நம்ம ஊர்ல மட்டும் இல்லை. பிரேசில்ல ரெசிஃபே நகரத்துச் சந்தையில் வியாபாரம் பண்ற பிள்ளைகளை வெச்சு நடத்தின ஆய்வு ஒண்ணு 1985-ல் வெளியாச்சு. அஞ்சே பிள்ளைங்கதான், சின்ன ஆய்வு. ஆராய்ச்சியாளர்கள் கஸ்டமர் மாதிரி போய்க் கேட்டப்ப நூத்துக்கு 98 விடை சரி. அதே மாதிரி கணக்கை வெறும் எண்ணா பேப்பர்ல குடுத்தப்ப, சரியான விடை நூத்துக்கு 40-ஐக்கூடத் தொடலை. பன்னெண்டு வயசுப் பையன்கிட்ட, தேங்காய் ஒண்ணு 35, பத்து தேங்காய் எவ்வளவுன்னு கேட்டிருக்காங்க. அவன் பத்தால பெருக்கிப் பூஜ்யம் சேர்க்கலை. மூணு தேங்காய் 105, இன்னொரு மூணு சேர்த்தா 210னு அடுக்கிக்கிட்டே போய் 350-ல நிறுத்தினான். நம்ம ஊர் ஆச்சிகள் வெத்தலை எண்ணுற மாதிரி!

ஆனா ஒரு எச்சரிக்கை. பூக்கடை உதாரணம் கிடைச்சதும் எல்லாம் முடிஞ்சதுன்னு நான் சொல்ல வரலை. பாப்பா போட்டது, பின்னாடியே நடந்து போற கணக்கு. மொத்தம் தெரியும். கூட்டினதைக் கழி, பெருக்கினதை வகு, எக்ஸ் கிடைச்சிரும். அதுக்கு அல்ஜீப்ராவே தேவையில்லை. எக்ஸ் ரெண்டு பக்கமும் வந்து உட்காரும்போதுதான் ஆட்டம் ஆரம்பிக்குது. எக்ஸ் என்னன்னு தெரியாமலே அதைத் தூக்கணும், கழிக்கணும். நிறையப் பிள்ளைங்க வழுக்கி விழற படிக்கட்டு இதுதான்.

அதையும் கடையில வெச்சே கேட்டேன். “ரெண்டு கஸ்டமர். ஒருத்தங்க 5 முழம் மல்லியும் 10 ரூபாய்க்கு ரோஜாவும் வாங்குறாங்க. இன்னொருத்தங்க 3 முழம் மல்லியும் 70 ரூபாய்க்கு ஒரு சின்ன மாலையும். ரெண்டு பேருக்கும் ஒரே பில். பில் எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன். முழம் என்ன விலை?”

“பில் தெரியாம எப்படிக்கா?”

பதில் சொல்லலை. இங்கேதான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும், அது லேசுப்பட்ட காரியம் இல்லை! எதிர் வீட்டு ஆன்டெனாவுல எத்தனை காக்கா உட்கார்ந்திருக்குன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். ரெண்டு நிமிஷம் போயிருக்கும். பாப்பா மெதுவா, பாதி கேள்வியா, பாதி பதிலா சொன்னா... “ரெண்டு பேர்கிட்டயும் மூணு மூணு முழத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டா?”

அட! வாங்கிக்கிட்டா என்ன ஆகும்? ரெண்டு பில்லுலயும் ஒரே அளவுதான் குறையும். பில் அப்பவும் சமம்தான். இந்தப் பக்கம் 2 முழமும் ரோஜாவும், அந்தப் பக்கம் மாலை மட்டும். 2எக்ஸ் + 10 = 70. ரெண்டு பக்கமும் பத்து ரூபாயை எடு, 2எக்ஸ் = 60. முழம் முப்பது. “இப்ப பில்லைப் போட்டுப் பாரு”ன்னேன். அஞ்சு முழம் 150, ரோஜா 10, மொத்தம் 160. மூணு முழம் 90, மாலை 70, அதுவும் 160. டீச்சர் இல்லாமலே தன் கணக்குக்குத் தானே டிக் போட்டுக்கிட்டா. அதுவும் பேஜை மீறி வெளியே போற அளவுக்குப் பெருசா!

அன்னிக்கு இருந்து ஒரே ஒரு கண்டிஷன். ‘அந்தப் பக்கம் போனா’ங்கிற வார்த்தைக்கு மாடியில தடா. அதுக்குப் பதிலா ஒவ்வொரு வரி ஓரத்துலயும் ‘ரெண்டு பக்கமும் 10 எடு’, ‘ரெண்டு பக்கமும் 2-ஆல் வகு’ன்னு எழுதணும். கை வலிக்குதுன்னு புலம்பினா. பத்து நாள் கழிச்சு அவளே, “அக்கா, இதைத்தானே அந்தப் பக்கம் போனா மைனஸ்னு சொல்றாங்க? இத்தனை எழுதாம நேரா மாத்திரலாமே?”ன்னு கேட்டா. தாராளமா! ஏன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் குறுக்குவழியில போனா யார் வேணாம்னாங்க?

புத்தூர்க் கட்டு

‘அல்ஜீப்ரா’ங்கிற பேரே இந்த வேலையிலிருந்துதான் வந்திருக்கு. பாக்தாத் நகரத்துல இருந்த அல்-குவாரிஸ்மி, கி.பி. 820 வாக்கில் எழுதின புத்தகத்தின் தலைப்புல ரெண்டு வார்த்தைகள் இருக்கு. ஒண்ணு அல்-ஜபர், இன்னொண்ணு அல்-முகாபலா. அல்-ஜபர்னா உடைஞ்சதைப் பழையபடி சேர்க்கிறது. 10 − எக்ஸ் = 4-ன்னு ஒரு கணக்கு. பத்துல இருந்து ஒரு துண்டு உடைஞ்சு போயிருக்கு. ரெண்டு பக்கமும் எக்ஸைச் சேர்த்தா பத்து முழுசாயிரும், 10 = 4 + எக்ஸ். முகாபலான்னா ரெண்டு பக்கமும் இருக்கிற ஒரே ஜாதிச் சரக்கை எதிரெதிரா வெச்சுக் கழிக்கிறது. பாப்பா மூணு மூணு முழத்தைத் திருப்பி வாங்கினாளே, அதுதான்! ஸ்பெயின்ல அந்தக் காலத்துல எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுறவருக்கே ‘அல்ஜீப்ரிஸ்டா’ன்னுதான் பேர். ஆக, நம்ம ஊர் பாஷையில அல்ஜீப்ரான்னா புத்தூர்க் கட்டு! (அல்-குவாரிஸ்மி பேர்ல இருந்துதான் ‘அல்காரிதம்’ வந்துச்சுங்கிறது கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்காக.)

இதுல சுவாரஸ்யம், அந்தப் புத்தகத்துல எக்ஸும் கிடையாது, ஒய்யும் கிடையாது. மொத்தக் கணக்கும் வசனமாவே இருக்கும். தெரியாததுக்கு ‘பொருள்’னுதான் பேர். நம்ம நாட்டுப் பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதின பீஜகணிதத்துல, முதல் தெரியாததுக்கு ‘யாவத்-தாவத்’, அதாவது ‘எவ்வளவோ அவ்வளவு’ன்னு பேர். இன்னொண்ணு தெரியலைன்னா கறுப்பு, அதுக்கு அடுத்தது நீலம்னு கலர் பேரு! அதையெல்லாம் சுருக்கி யா, கா, நீன்னு எழுதினாங்க. அதனால எக்ஸைக் கண்டாலே பயப்படுற பிள்ளைக்கு வேற எழுத்தைக் குடுக்கிறதுல தெய்வ குத்தம் எதுவும் இல்லை. ரஃப் நோட்டுல பாப்பாவோட எக்ஸுக்குப் பேர் ‘மு’. முழத்தோட விலை. பரீட்சை பேப்பர்ல மட்டும் எக்ஸ்.

மைனஸ் விஷயத்தைச் சீக்கிரமா சொல்லிடறேன். அடைப்புக்குறிக்கு முன்னாடி மைனஸ் இருந்தா உள்ளே இருக்கிறதெல்லாம் மாறும்னு இன்னொரு சட்டம். 10 − (எக்ஸ் − 3)-ஐ 10 − எக்ஸ் − 3-ன்னு எழுதாத பிள்ளையைப் பார்க்கிறது அபூர்வம். கடனை வெச்சுச் சொல்லலாம். கையில பத்து ரூபா. எக்ஸ் ரூபா கடன் அடைக்கணும். கடைக்காரர் ‘மூணு ரூபாயைத் தள்ளிக்கோ’ன்னுட்டார். அந்த மூணு நம்ம கையிலதானே மிச்சம்? அப்ப பிளஸ் மூணு. கடனும் கையிருப்பும்னு வெச்சு மைனஸுக்கு விதி எழுதினது நம்ம பிரம்மகுப்தர், கி.பி. 628-லேயே. அந்த உதாரணம் இன்னிக்கு வரைக்கும் பழசாகலை. கடனும் பழசாகலை!

2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யை ஆரம்பிச்சப்ப தன்னார்வலரா இருந்த எங்க ஊர் அக்கா ஒருத்தங்ககிட்ட இதையெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். கொரோனாவால விட்டுப்போன பாடத்தைப் பிடிக்கறதுக்காக, ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குச் சாயங்காலம் வகுப்பு எடுத்தாங்களே, அந்தத் திட்டம். அவங்க ஒரு டெக்னிக் சொன்னாங்க. “பசங்களுக்குக் கணக்குப் போடக் குடுத்தா முகம் சுண்டிரும். அதையே நான் வேணும்னே தப்பாப் போட்டுட்டு, ‘இதுல எந்த வரியில அக்கா கோட்டை விட்டேன், கண்டுபிடி பார்ப்போம்’னா போதும். அக்காவை மாட்டிவிடுறதுல அவ்வளவு குஷி! மூணாவது வரின்னு ஒருத்தன் கத்துவான், இல்லை ரெண்டாவதுன்னு இன்னொருத்தன் அடிக்க வருவான். சண்டைக்கு நடுவுல பாடம் முடிஞ்சிரும்.” மாடியில முயற்சி பண்ணினேன். பாப்பா என்னை மாட்டிவிட்ட சந்தோஷத்துல கீழே ஓடிப்போய் அத்தைகிட்ட சொல்லிட்டு வந்தா!

மூணு வாரத்துல சென்டம் வாங்குற கதையெல்லாம் சினிமாவுலதான் நடக்கும். லீவு முடிஞ்சு நான் ஹாஸ்டலுக்கு வந்ததுக்கு அப்புறம், ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தையோட போன்ல இருந்து வாட்ஸ்அப்ல நோட்டு போட்டோ வரும். பாதி போட்டோவுல கட்டை விரல், மீதியில மல்லிகைப்பூ. பின்னம் வந்தா இன்னும் தடுக்குது. எக்ஸ்/3-ஐப் பார்த்தா இப்பவும் மூணால கழிக்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிக்கிறா. ஜியோமெட்ரி பக்கமே நாங்க போகலை. ஆண்டுத் தேர்வுல 41. மார்க்கைப் பத்தி அத்தை என்கிட்ட எதுவும் சொல்லலை. பத்தாங்கிளாஸ் கணக்கு நோட்ஸ் என்ன விலை வரும்னு மட்டும் கேட்டாங்க.

6 மாணவர், 1 பேராசிரியர்

‘சரி, இதெல்லாம் சின்னப் பசங்க மேட்டர்’னு காலரைத் தூக்கிவிடுற மகாஜனங்களே, கொஞ்சம் பொறுங்க. உங்களுக்கும் ஒரு கேள்வி வெச்சிருக்கேன்.

ஒரு பல்கலைக்கழகத்துல பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்காங்க. மாணவர் எண்ணிக்கை ‘மா’, பேராசிரியர் எண்ணிக்கை ‘பே’. இதுக்குச் சமன்பாடு எழுதுங்க. பத்து செகண்ட் டைம்.

6மா = பே எழுதினீங்களா? கவலைப்படாதீங்க, துணைக்கு ஆள் இருக்கு. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் கிளமென்ட், முதல் வருஷ இன்ஜினியரிங் மாணவர்கள் 150 பேர்கிட்ட இதே கேள்வியைக் கேட்டு 1982-ல் கட்டுரை எழுதினார். 37 சதவிகிதம் பேர் தப்பு. தப்பு விட்டவங்கள்ல பெரும்பாலானவங்க எழுதினது அந்த 6மா = பே தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இல்லை, கால்குலஸ் படிக்கிற நம்ம இனம்!

ஏன் இப்படி ஆகுது? ‘ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர்’னு மனசுக்குள்ள ஒரு படம் ஓடுது. அந்தப் படத்தை அப்படியே எழுத்தாக்கிடறோம். ‘மா’ங்கிறது மாணவர்களோட எண்ணிக்கை. ஆனா எழுதும்போது அது ஒரு மாணவராவே ஆகிடுது. பூக்கடைக் கணக்கு போட்டப்ப பாப்பாகிட்ட “எக்ஸ்னா என்ன?”ன்னு கேட்டேன். “பூக்கா”ன்னா. “பூவா, பூவோட விலையா?”ன்னு திருப்பிக் கேட்டதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டு, “விலை விலை”ன்னா. 37 சதவிகிதம் பேர் தடுக்கி விழுந்த கல்லும் அதே கல்லுதான்.

எங்க ஹாஸ்டல்ல இந்தக் கேள்வியை மெஸ் க்யூவுல நிக்கிறப்ப அவிழ்த்துவிட்டேன். எம்-ஒன் பேப்பர்ல ஒரே அட்டெம்ப்ட்ல தப்பிச்சு வந்த ஈசிஇ தோழி, சாம்பார்க் கரண்டியோட நின்னுக்கிட்டு அஞ்சு நிமிஷம் வாக்குவாதம் பண்ணினா. பின்னாடி இருந்த க்யூ கத்த ஆரம்பிச்சிருச்சு. கடைசியில, “பத்து பேராசிரியர் இருந்தா எத்தனை மாணவர்?”னு கேட்டேன். அறுபதுன்னா. “அதை உன் சமன்பாட்டுல போடு”ன்னேன். ஆறு தடவை அறுபது ஈக்வல் டு பத்து. கரண்டியைச் சாம்பார் வாளியிலேயே போட்டுட்டு, “மா ஈக்வல் டு ஆறு பே”ன்னு சொல்லிட்டு, பக்கத்துல நின்ன மெக்கானிக்கல் பொண்ணுகிட்ட அதே கேள்வியைக் கேட்க ஆரம்பிச்சா.